மலைக்கோவில் பெட்டியில் விழுந்த கப்பல் அட்டை

1. வேலை வந்த விதம்

ஊர் பார்க்கக் கப்பலில் வருகிற சனத்தை ஊர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு திரிகிற வேலையை நான் தேடிப் போகவில்லை. பலேர்மோ நகரத்தில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சினோராவின், இத்தாலிக்கார அம்மாவின், வீட்டில் வேலைக்கு இருந்தேன். சமையல், துடைப்பு, கடைசிக் காலத்தில் அவவைக் குளிப்பாட்டியது எல்லாம் நான்தான். அவ கண்ணை மூடினதும் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். இனி வீட்டில் இருப்போம் என்று நினைத்தேன். என் கால்களுக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் கோவில் பங்கில் ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை. என்னைப் போல மன்னார். ஒருநாள் பூசை முடிந்து வரும்போது மறித்தாள்.

"அன்ரி, என்ரை மச்சாள் லண்டனிலையிருந்து கப்பலிலை வாறா. கப்பல்காரன்ரை ரூர் பஸ்ஸிலை ஏறமாட்டாவாம். நீங்கள் ஒருக்காக் கூட்டிக்கொண்டு திரியுங்கோவன்."

"எனக்கென்ன தெரியும்? படிச்ச கைட்டுமார் இருக்கினமெல்லே."

"உங்களுக்கு பஸ் தெரியும்."

அது உண்மை. என் சினோராவுக்குக் காரில் ஏறினால் சத்தி வரும். டொக்டர், சந்தை, அவவின் புருசனின் கல்லறை எல்லாம் பஸ்ஸில்தான் போனோம். இத்தாலி எழுத்தை நான் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். பஸ் நம்பரை வாசிக்க அது தேவையில்லை.

அந்த மச்சாளைக் கால்சா என்கிற பழைய தெருக்களில் நடக்கவைத்து, சந்தையில் மீன் காட்டி, நேரத்துக்குக் கப்பலில் விட்டேன். அவ லண்டன் போய்க் கதைத்திருக்கிறா. அதன் பிறகு தமிழ்ச் சனம் வருகிற கப்பல் என்றால் எனக்கு போன் வரும்.

எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் எழுத்து வடிவாக இராது. சொல்கிற சங்கதி பிழையாக இராது.

2. முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

நாங்கள் கைட் இல்லை. கைட்டுக்கு அதற்கான கார்ட் வேண்டும். சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போவது போலப் போக வேண்டும். கோவிலுக்குள் நின்று சரித்திரம் சொல்லக் கூடாது. எனக்குச் சரித்திரம் தெரியவும் தெரியாது.

பஸ் டிக்கட்டைக் கீழே சுருட்டுக் கடையில் வாங்க வேண்டும். போக ஒன்று, வர ஒன்று. மலையில் டிக்கட் இல்லை. பஸ்ஸில் ஏறினதும் மெசினில் விட்டுக் குத்த வேண்டும். வெளிநாட்டுச் சனம் டிக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வடிவு பார்க்கும். டிக்கட் பார்க்கிற கொன்ட்ரோல்காரன் ஏறினால் அழும்.

கப்பலில் வருகிற ஆளுக்கு ஆள் ஒரு அட்டை குடுத்திருப்பார்கள், அதைக் காட்டித்தான் துறைமுக வாசலால் திரும்ப உள்ளே போகலாம். கப்பல்காரனின் ரூர் பஸ் பிந்தினால் கப்பல் நிற்கும். எங்களோடு வந்து பிந்தினால் கப்பல் நிற்காது. இதை மட்டும் மறக்கக் கூடாது.

3. இரண்டு லேஞ்சி

கனடாவிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். சிவலிங்கம் அண்ணை, இராசமணி. யாழ்ப்பாணத்துச் சைவர்கள். துறைமுக வாசலில் எல்லோரும் அரைக் காற்சட்டையோடு இறங்க, இராசமணி மட்டும் மாம்பழ நிறத்தில் பட்டுச் சீலை. பார்த்தவுடன் விளங்கிவிட்டது, இவ ஊர் பார்க்க வரவில்லை.

"அக்கா, எனக்கு ஒரு இடமும் காட்டவேண்டாம். மலையிலை இருக்கிற அம்மனிட்டை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கோ."

மலையில் இருப்பது சாந்தா ரொசாலியா. ஊர்ச்சனம் செல்லமாய்ச் சாந்துச்சா என்று சொல்லும். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர், புனிதை என்போம், சைவச் சனம் அம்மன் என்னும். ஆர் எப்படிச் சொன்னாலும் அவவின் கோவில் இருக்கிற குகை ஒன்றுதான். நேர்த்திக்கடனுக்குச் செருப்பில்லாமல் மலை ஏறுவதும் ஒன்றுதான்.

பஸ்ஸில் இராசமணி என் பக்கத்தில் இருந்து கதை சொன்னா. மூத்த மகன் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பிப் படகில் ஏறியிருக்கிறான். பிறகு ஒரு செய்தியும் இல்லை. செத்தவீடு செய்வோமா என்று சனம் கேட்கத் தொடங்கின நேரம், பலேர்மோவிலிருந்து போன். 'அம்மா, ஒரு தமிழ்க் குடும்பம் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து மெழுகுதிரி கொளுத்தினது' என்றானாம். அன்றே இவ ஒரு ரூபாய் நாணயக் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டா. பிள்ளையைக் காட்டின அம்மனுக்கு என் கையால் போடுவேன் என்று நேர்த்தி. இப்போது மகன் கனடாவில் குடும்பமாய் இருக்கிறான்.

"நான் கொண்டுபோய்ப் போடுறன் எண்டு அவன் எத்தினைதரம் கேட்டவன். நான் குடுக்கேல்லை."

"அதுக்காண்டித்தான் இந்தக் கப்பல்," என்றார் அண்ணை முன் சீட்டிலிருந்து. "ஒரு ரூபாயைப் போட உலகம் சுத்துறம்."

மலைக்கோவில் படியடியில் இராசமணி செருப்பைக் கழற்றினா.

"இஞ்சேரும், இஞ்சை ஒருத்தரும் கழட்டேல்லை," என்றார் அண்ணை.

"ஒருத்தரும் நேர்த்தி வைக்கேல்லை போலை."

குகைக்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். அதைப் பிடிக்கத் தகரப் பீலி போட்டிருக்கும். ஒரு சொட்டு அவவின் நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை. மஞ்சள் துணியைச் சுற்றி முடிந்தது என்று இடுப்பில் செருகியிருந்த வெள்ளை லேஞ்சி முடிச்சை, கைக்குட்டை முடிச்சை, எடுத்துக் கண்ணில் ஒற்றி, காணிக்கைப் பெட்டியின் வாயில் போட்டா. பெரிய மரப்பெட்டி. விழுந்த சத்தம் கேட்டது. அவ அழுதா. நானும் கொஞ்சம்.

படி இறங்கும்போது அண்ணை கேட்டார். "உம்மடை கப்பல் அட்டையைத் தாரும், என்ரையோடை வைப்பம். வாசலிலை நிண்டு தேடாமல்."

பலேர்மோவில் கள்ளர் என்று கப்பலில் ஆரோ வெருட்டியிருக்கிறார்கள். அதனால் இவ அட்டையையும் ஒரு வெள்ளை லேஞ்சியில் முடிந்து இடுப்பின் மற்றப் பக்கத்தில் செருகியிருந்தா. அதை அவிழ்த்தா. உள்ளே மஞ்சள் துணி. மஞ்சள் துணிக்குள் ரூபாய்.

இராசமணி இடுப்பின் மற்றப் பக்கத்தைத் தடவிப் பார்த்தா.

"அப்ப உள்ளுக்கை போட்டது?" என்றார் அண்ணை.

எங்கள் பஸ் கீழே வந்து நின்றது. சாரதி இறங்கிச் சிகரட் பற்றவைத்தான். அந்த பஸ்ஸை விட்டால், அடுத்தது நகரத்துக்கு இறங்கும்போது கப்பல் கடலில் நிற்கும்.

நான் திரும்ப ஏறிப்போய்க் கோவிலைப் பார்க்கிற சால்வோவைப் பிடித்தேன். என்னைக் கனகாலமாய்த் தெரிந்தவர்.

"பெட்டிப் பூட்டின்ரை திறப்பு பங்குச் சுவாமியிட்டை, மரியா. அவர் கீழை போயிட்டார். பின்னேரம்தான் வருவார்."

"பொறுத்துப் பாப்பமோ?" அண்ணை மூச்சு வாங்கப் பின்னால் வந்து நின்றார்.

அவருக்குப் பின்னால் ஏறி வந்த இராசமணி இல்லையென்று தலையாட்டினா. "அம்மனுக்குப் போட்டதைத் திருப்பிக் கேக்கிறதே? நான் மாட்டன்."

"அது காணிக்கையில்லையப்பா, அட்டை! அம்மன் என்ன கப்பலிலை போகப்போறாவே?"

"போட்டது போட்டதுதான். ஆனா காசு போடாமல் நான் இறங்கன். பிள்ளைக்கு நேர்ந்தது."

இந்த இடத்தில் ஆராவது ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். நான் சொன்னேன். "அட்டை கிடக்கட்டும். அண்ணை, என்னோடை வாங்கோ. இராசமணி, நீ ஓடிப்போய்க் காசைப் போட்டிட்டு வா. பஸ்ஸை நான் பாக்கிறன்."

பஸ்ஸை மறிக்க ஒரு வழிதான் உண்டு. ஒரு கால் படியில், ஒரு கால் நிலத்தில். கதவு பூட்டாது.

"சினோரா, காலை எடுங்கோ, நேரம் போகுது," என்றான் சாரதி.

"ஒரு தாய் உள்ளுக்கை நிக்கிறா. இப்ப வருவா."

"எல்லாரும் இப்ப வருவினம் எண்டுதான் சொல்லுவினம். பிறகு நான்தான் ஏச்சு வாங்கிறது."

"சாந்துச்சாவுக்கு நேர்ந்ததைக் குடுக்கப் போனவ. உன்ரை அம்மா போயிருந்தா விட்டிட்டுப் போவியோ?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என்ஜினை நிறுத்தினான். பலேர்மோக்காரனுக்கு நேர்த்தி என்றால் விளங்கும். பின்னால் இருந்த ஒரு கிழவி, "நான் வீட்டை போய்ச் சமைக்க வேண்டாமே?" என்று புறுபுறுத்தா. "என்ன நேர்த்தி?" என்றும் கேட்டா. படகையும் போனையும் சொன்னேன். அதற்குப் பிறகு சமையலைப் பற்றிக் கதைக்கவில்லை.

இராசமணி சீலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடி வந்தா. பஸ்ஸில் ஆரோ கை தட்டினார்கள். பஸ் வளைவில் திரும்பின பிறகுதான் நான் அவவின் காலைப் பார்த்தேன். செருப்பு படியடியிலேயே கிடக்கிறது.

4. துறைமுக வாசல்

அண்ணை மலை முழுக்க ஏசிக்கொண்டே இறங்கினார். அட்டை, புத்தி, லேஞ்சி எல்லாவற்றையும் இழுத்தார். இராசமணி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தா. அந்த முகத்துக்கு ஏச்சு ஒட்டவில்லை.

துறைமுக வாசலில் நின்ற காவல்காரன் அண்ணையின் அட்டையைப் பார்த்தான். பிறகு பட்டுச் சீலையையும் வெறுங்காலையும் பார்த்தான்.

"நீங்கள் போகலாம். இவ நிக்கவேணும்."

நான் இத்தாலியில் எடுத்துச் சொன்னேன், புருசன் பெண்சாதி, ஒரே அறை, அட்டை மலையில் விழுந்துவிட்டது என்று. அவன் கெட்டவன் இல்லை. கப்பலுக்கு போன் பண்ணினான். ஆனால் ஆள் வரும்வரை விடமாட்டேன் என்றான். கப்பலின் புகைக்குழாயிலிருந்து புகை வரத் தொடங்கியிருந்தது.

"அண்ணை, நீங்கள் உள்ளுக்கை போங்கோ," என்றேன். "ஒராள் உள்ளுக்கை நிண்டால் கேக்கலாம்."

வழி முழுக்க ஏசின மனுசன், வாசலில் கிடந்த சீமெந்துக் கட்டில் போய் இருந்தார். தன் செருப்பைக் கழற்றிப் பெண்சாதியின் காலடியில் தள்ளினார்.

"போடும். சீமெந்து சுடுது. கப்பல் போனாப் போகட்டும். மகனுக்கு போன் அடிச்சுச் சொல்லுவம், உன்ரை கொம்மா உன்னட்டை வர இனி ஒரு படகு பாக்கிறா எண்டு."

அவ சிரித்தா. பெரிய செருப்புக்குள் காலை விட்டா.

கப்பலிலிருந்து வெள்ளை உடுப்பில் ஒரு பெட்டை கையில் மெசினோடு ஓடி வந்தாள். பெயர் கேட்டாள். மெசினில் படம் வந்தது. படத்தைப் பார்த்தாள், இவவைப் பார்த்தாள். அவ்வளவுதான். கப்பலில் ஏறின அன்றே முகத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அட்டை இல்லாவிட்டாலும் முகம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர்கள் உள்ளே போனார்கள். முன்னால் அவ ஆண் செருப்போடு, பின்னால் அவர் வெறுங்காலோடு. திரும்பிக் கை காட்ட நேரம் இருக்கவில்லை.

5. கண்ணாடிப் பெட்டி

கொஞ்ச நாள் கழித்து வேறு ஆட்களோடு மலைக்குப் போனேன். செருப்பைச் சால்வோ எடுத்து வைத்திருந்தார். அட்டையைக் கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் இருக்கிற கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

சுகம் கிடைத்தவர்கள் வைத்த வெள்ளி இதயம், வெள்ளிக் கால், வெள்ளிக் குழந்தை எல்லாம் அதற்குள் இருக்கும். நடுவில் கப்பல் படம் போட்ட இராசமணியின் அட்டை.

"சுவாமி பெட்டி திறந்த அண்டைக்கு நான் நிக்கேல்லை," என்றார் சால்வோ. "லேஞ்சியிலை முடிஞ்சு கப்பல் படம் கிடக்கக் கண்டிட்டு, ஆரோ கடலிலை தப்பின ஆள் நன்றிக்கு வைச்சது எண்டு அவரே இதுக்கை வைச்சிட்டார். முந்தி மாலுமிமார் அப்பிடித்தானே வைக்கிறவை. எடுத்துத் தரச் சொல்லட்டோ?"

நான் அந்த மகனின் படகை நினைத்தேன்.

"வேண்டாம்," என்றேன். "சரியான இடத்திலைதான் இருக்கு."

இப்போது மலைக்குப் போகிற ஆட்களின் கப்பல் அட்டையைப் படியடியிலேயே கழுத்தில் மாட்டச் செய்கிறேன். நேர்த்திக்காசைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன். இரண்டையும் ஒரே மாதிரித் துணியில் முடிய விடக் கூடாது. நீங்களும் விடாதேயுங்கள்.

கண்ணாடிப் பெட்டியைக் கண்ட அன்று பின்னேரம் கனடாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். இராசமணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போனை அண்ணை வாங்கினார்.

"அப்ப அம்மன் கப்பலிலை போறதுக்கு அட்டை வாங்கிப்போட்டா எண்டு சொல்லுங்கோ," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, என்ரை அட்டையும் இஞ்சை சும்மாதான் கிடக்குது. அனுப்பினால், அதுக்குப் பக்கத்திலை வைப்பினமோ?"