தங்க நிறத் தோள்

ரயிலில் வரும்போது கியோதகா பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. கோட்டுக்குள்ளே வயிற்றோடு சேர்த்து அணைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டான். குளிர் பட்டால் பிளாஸ்டிக் விறைத்துக்கொள்ளும், விறைத்தால் உடையும். எதிரே உட்கார்ந்திருந்த அவன் அக்கா மிஹோகோ அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தனை மாசம்? ஏழா?"

அவன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அவளுடைய ஒகோனோமியாகி அடைக் கடைக்கு விடுமுறை. கூட வருகிறேன் என்று அவளேதான் கிளம்பினாள். இருபது வருடமாக அவன் பொம்மைகளைக் குப்பை என்று சொல்லிவந்தவள் இன்றைக்கு ஏன் வருகிறாள் என்று அவன் யோசித்துப் பார்க்கவில்லை. அவன் யோசனையெல்லாம் வயிற்றருகே இருந்தது.

நிப்பொம்பாஷிக் கடைவீதியில் தனிகாவா அம்மாளின் காப்பிக்கடை மாடியில் அவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். வண்டியாக இருந்து ரோபோவாக மாறும் பழைய பொம்மைகளைச் சேர்ப்பவர்கள். அந்தப் பொம்மைகளைக் கடைகளுக்கு அறிமுகப்படுத்தக் கம்பெனிகள் அச்சடித்த விளம்பரப் புத்தகங்களையும் விடமாட்டார்கள். அவை கடைக்காரர்களுக்கு மட்டும் போனவை. அடுத்த பருவத்துப் புத்தகம் வந்ததும் பழையதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்பதால், பொம்மையைவிடப் புத்தகம் கிடைப்பது கடினம்.

அப்படி ஒரு புத்தகத்தைத்தான் கியோதகா பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தான். ஹிகாஷி ஓசாகாவில் திருகாணிப் பட்டறையில் வேலை. காலையிலிருந்து மாலை வரை எண்ணெய்ப் பிசுக்கில் நிற்கிற ஆள். கல்யாணம் நடந்து, முறிந்தது. மனைவி போகும்போது, தனக்கென்று ஓர் அலமாரியைக்கூட அவன் காலி செய்து தரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது உண்மை. அவனைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால், அவனே ஒன்றைத்தான் சொல்வான்: அவன் கை புகைப்படத்தில் வந்திருக்கிறது.

அப்பா ஒரு புகைப்பட நிலையத்துக்கு வேன் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் கூட்டிப் போனார். கியோதகாவுக்கு ஆறு வயது, மிஹோகோவுக்கு ஒன்பது. விளம்பரப் புத்தகத்துக்காக, புதிதாக வரப்போகும் பனி அள்ளும் வண்டி ரோபோவை ஒரு குழந்தையின் கை தூக்கிப் பிடிப்பதுபோல் படம் வேண்டியிருந்தது. படம் எடுத்தார்கள். கூலியாக அந்த ரோபோவையே கொடுத்தார்கள். அவனுக்குக் கண் கூசும் விளக்குகள் ஞாபகம் இருக்கிறது. காய்ச்சல் அடித்தது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான். பிறகு இந்தக் கூட்டத்திலும் சொன்னான். அதிலிருந்து இங்கே அவனுக்குப் பெயரே கைக்காரர்தான்.

அந்தப் புத்தகம் இப்போது கூட்டத்தில் ஒருவரான குசாகாவிடம் இருந்தது. மூடிப்போன ஒரு கடையின் பரணில் எடுத்தாராம். அதற்கு ஈடாகக் கொடுக்கத்தான் கியோதகா அந்த ரோபோவைக் கொண்டுவந்திருந்தான்.

"வாங்க கைக்காரரே. கை வந்திருக்கா, இல்ல வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"வந்திருக்கு."

"இவங்க?"

"அக்கா."

"கூடப் பிறந்தவங்களா? பாவம்" என்றார் குசாகா. தனிகாவா அம்மாள் காப்பியை வைத்துவிட்டு, பொம்மையின் பக்கத்தில் ஈரம் படக்கூடாதென்று கோப்பைகளை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

இந்த மாடியில் காசு பேச்சு கிடையாது, பண்டத்துக்குப் பண்டம்தான். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கைமாறுவதற்கு முன், பொம்மைக்காரர் தன் பொம்மையை வண்டியிலிருந்து ரோபோவாக முழுசாக மாற்றிக் காட்ட வேண்டும். புத்தகக்காரர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்ட வேண்டும். காட்டும்போது ஏதாவது உடைந்தால் மாற்று ரத்து. ஆனால் அப்போதும் எதிராளி தன் பண்டத்தைக் காட்டியே ஆக வேண்டும். பாதியில் நிறுத்தினால் மட்டும், எதிராளி ஒன்றையும் காட்ட வேண்டியதில்லை. அவரவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

யார் முதலில் என்பதற்குக் கல், கத்தரி, காகிதம் போட்டார்கள். குசாகா காகிதம், கியோதகா கல். தோற்ற கியோதகா முதலில்.

"கை சரியில்லையே இன்னைக்கு" என்றார் குசாகா.

கியோதகா பெட்டியைத் திறந்தான். ஆரஞ்சு வண்டி, முன்னால் பனி அள்ளும் தகடு. அவன் அதைக் கடைசியாக மாற்றியது நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது. காரணம் தோள்கள். மினுமினுப்பு கலந்த தங்க நிறப் பிளாஸ்டிக் அது. அந்த மினுமினுப்பே உள்ளிருந்து அதை அரித்துவிடும் என்று இவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே புதுசு மாதிரி பளபளக்கும். ஒரு நாள் தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும்.

தகட்டைக் கழற்றினான். சக்கரங்களை உள்ளே மடித்தான். ஓட்டுநர் அறையைத் திறந்ததும் தலை எழுந்து வந்தது. குசாகா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"மூட்டுப் பல்லு தேயாம இருக்கே. அடடா."

"மேல மூச்சு விடாதீங்க" என்றாள் தனிகாவா அம்மாள். "உங்க மூச்சுல தங்கமே துருப்பிடிக்கும்."

பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கால்களை இழுத்தான். இனித் தோள்கள். பெருவிரலால் இடது தோளைத் தாங்கி, மறு கையால் மெல்ல வெளியே திருப்பினான். உள்ளே மணல் நெரிவதுபோல் ஒரு சத்தம். நிறுத்தினான். மறுபடி திருப்பினான். இடது கை வெளியே வந்து நின்றது. அவன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை மேசையில் சொட்டியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

வலது தோளில் விரலை வைத்தபோதே தெரிந்துவிட்டது. திருகின் ஓரத்தில் முடி இழை மாதிரி ஒரு கோடு ஓடியது.

"கியோ" என்றாள் மிஹோகோ. "போதும். நிறுத்து."

"பேசாதக்கா."

"நிறுத்துடான்னா. அந்தப் புஸ்தகத்துல இருக்கறது உன் கை இல்ல."

அவன் விரலை எடுக்கவில்லை. நிமிரவும் இல்லை.

"என் கை" என்றாள் அவள். "உனக்குக் காய்ச்சல். விளக்கைப் போட்டதும் அழ ஆரம்பிச்ச. அப்பா வேன்ல சாமான் ஏத்திக்கிட்டு இருந்தாரு. படம் எடுத்த ஆளு, சரி நீ பிடின்னு என்னைக் கூப்பிட்டான். நீ அங்கயே தரையில படுத்துத் தூங்கிட்ட."

"அப்போ இந்த ரோபோ?"

"எனக்குக் குடுத்தது. வர்ற வழியெல்லாம் வேணும் வேணும்னு ஒப்பாரி வெச்ச. எனக்குத் தலைவலி. உன் கையைத்தான் எடுத்தாங்க, உனக்குத்தான் கூலின்னு சொல்லித் தந்தேன். நீ பாட்டுக்கு மறுநாள் ஸ்கூல் பூரா சொல்லிட்டு வந்த. சரி, நீ ரெண்டு நாள்ல மறந்துடுவன்னு விட்டுட்டேன்."

"மறக்கல" என்றான் கியோதகா.

"மறக்கல. அதான்டா பிரச்சினை."

குசாகா ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தார். தனிகாவா அம்மாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அவன் கைகளில் ரோபோ ஒரு கை நீட்டி, ஒரு கை மடக்கி, வண்டியும் இல்லாமல் ரோபோவும் இல்லாமல் இருந்தது. இப்போது நிறுத்தினால் இது பிழைத்துக்கொள்ளும். மடித்துப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். புத்தகம் திறக்காது. அக்கா ரோபோவைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடலாம். அவனால் அது முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடமும் தன் கைதான் என்று நம்பியது தெரியாமலா, வேண்டுமென்றா? அந்த விளக்குகளைத் தவிர ரோபோவைத் தூக்கிப் பிடித்த ஞாபகம் தனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"முரோதா" என்றார் குசாகா. அவனைக் குடும்பப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் தடவை. "நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. நாங்க யாரும் தப்பா நினைக்கமாட்டோம்."

"நிறுத்தினா புத்தகத்தைக் காட்டுவீங்களா?"

குசாகா யோசித்தார். "வழக்கம்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்காக அதை மாத்தினா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து நிப்பான்."

"நியாயம்தான்."

அவன் தோளைத் திருப்பினான்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. தங்கத் துண்டு மூன்றாகப் பிளந்து மேசையில் விழுந்தது. வலது கை கழன்று காப்பித் தட்டின் விளிம்பில் மோதி நின்றது. மிஹோகோ வாயைப் பொத்திக்கொண்டாள். கியோதகா கழன்ற கையை எடுத்து, இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"காட்டியாச்சு" என்றான்.

"காட்டியாச்சு" என்று தனிகாவா அம்மாள் சாட்சி சொன்னாள். "மாற்று ரத்து. குசாகா, உங்க முறை."

குசாகா கைகளைத் துடைத்துக்கொண்டு உறையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். முதுகில் கம்பிகள் துருவேறியிருந்தன. ஒவ்வொரு தாளையும் இரண்டு கையாலும் திருப்பினார். விமானங்கள், ரயில்கள், பூச்சிகள். நடுப்பக்கத்தில் ஆரஞ்சு ரோபோ வந்தது. கீழிருந்து அதைத் தாங்கிப் பிடித்த ஒரு சின்னக் கை. மணிக்கட்டோடு படம் முடிந்திருந்தது. நகங்கள் கடித்துக் குதறப்பட்டிருந்தன. கியோதகா ஒருநாளும் நகம் கடித்ததில்லை.

மிஹோகோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"வந்து பாருக்கா."

"நான் எதுக்கு?"

"நீயும் பார்த்ததே இல்லையே."

அவள் வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கனமா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"அப்பல்லாம் உள்ள இரும்புடா. கை நடுங்கிச்சு. நடுங்காத நடுங்காதன்னு அந்தாளு திட்டிக்கிட்டே இருந்தான்."

குசாகா தாளின் ஓரத்தைப் பிடித்தபடி காத்திருந்தார். "திருப்பட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றான் கியோதகா.