இடிக்காமல் விட்ட சுவர்

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கால் நீட்டிப் படுக்கிற நாள். கிழமை முழுக்க அலுவலகங்களில் தரை துடைத்த கால்கள், கொஞ்சமாவது ஓய வேண்டாமா? அப்படியான ஒரு ஞாயிறன்றுதான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற என் அண்ணையை நான் இருக்கிற ஹம்பேர்க்கின் குண்டுபட்ட தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடம் காட்டுகிற ஆசையில் இல்லை. அவருடைய பிடிவாதத்தை உடைக்கத்தான்.

ஊரில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது சமையல் செய்த குசினியின் ஒரேயொரு சுவர். மற்றதெல்லாம் பொம்மர் விமானம் போட்ட குண்டில் போனது. அண்ணியும் அன்றைக்கே போய்விட்டா. அந்தச் சுவரை இடித்து நிரவுங்கோ, புது வீடு கட்டக் காசு அனுப்புகிறேன் என்று வருசக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாயிற்று. அண்ணையோ அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு, ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டு தனியே கிடக்கிறார். அடுத்த கிழமை அவர் திரும்பப் போகிறார். இடிப்பதா இல்லையா என்று அங்கே வீடு கட்டுகிற மேசன் பதிலுக்குக் காத்திருந்தார்.

ரயிலிலேயே தொடங்கிவிட்டேன். உலகப் போரில் இந்த நகரமே எரிந்து சாம்பலாய்க் கிடந்தது, இவர்கள் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு எப்படிக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கோ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணை ஜன்னலால் பார்த்தபடி ஓம் ஓம் என்றார். அந்த ஓம் எனக்குத் தெரியும். வாயை மூடு என்கிற ஓம் அது.

தேவாலயத்தில் கோபுரம் மட்டும் முழுசாக நிற்கிறது. மற்றப் பக்கம் கூரையில்லை, கரிபிடித்த சில சுவர்கள்தான். உள்ளே கால் வைக்க முன்னம் அண்ணை குனிந்து, என் கணவரிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். விறைக்கிற குளிர். படம் எடுத்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இது இப்ப கோயில் இல்லை அண்ணை, போடுங்கோ என்று அதட்டினேன். சனம் செத்த இடம்தானே என்றுவிட்டு அவர் காலுறையோடு நடந்தார். நான் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கோபுரத்து லிப்டில் மேலே ஏற்றிப் புது நகரத்தைக் காட்டுவதுதான் என் திட்டம். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. மிஞ்சிய ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அது சாயாமலிருக்க இரும்பால் முண்டு கொடுத்திருந்தார்கள். அந்த இரும்பைத் தட்டிப் பார்த்தார். அது நிலத்தில் எப்படி இறங்கியிருக்கிறது என்று குந்தியிருந்து பார்த்தார்.

“எல்லாத்தையும் கட்டினவங்கள் இதை மட்டும் ஏன் விட்டவங்கள்?” என்று கேட்டார்.

நானே கூட்டிக்கொண்டு வந்து நானே மாட்டிக்கொண்டேன். வந்த எரிச்சலில், உங்கடை அந்தக் குசினிச் சுவரில் அப்படி என்னதான் கிடக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

அண்ணை இரும்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அண்டைக்குப் பங்கர்க் குழிக்குள்ளை வெள்ளம் நிண்டது. அதுக்குள்ளை இறங்க ஏலாது. அந்தச் சுவரோடை ஒட்டி நில்லுமெண்டு அவவுக்கு நான்தான் சொன்னனான். அதுதான் பலமான சுவர்.” இரும்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: “சுவர் நிண்டிட்டுது, தங்கச்சி.”

பங்கருக்கு ஓடுகிற வழியில்தான் அண்ணி செத்தா என்று இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் சப்பாத்தும் கையுமாக நின்றேன். அழக்கூடத் தெம்பில்லாத களைப்பு.

அவரை ஒரு வாங்குப் பலகையில் இருத்தினேன். கால் இரண்டும் ஐஸாக இருந்தன. என் முழங்கால் நோவோடு கீழே குந்தி, சப்பாத்தை மாட்டி நாடாவைக் கட்டினேன். மேசனுக்கு என்ன சொல்வதென்று அவர் கேட்கவில்லை.

“மாரி மழைக்கு முன்னம் அந்தச் சுவருக்கு இரும்பாலை முண்டு குடுக்கச் சொல்லுங்கோ அண்ணை,” என்றேன். “காசு நான் அனுப்பிறன்.”