எக்ஸ்ப்ளோட் என்ற சொல்லும் நானும்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்றால், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் எழுதுவதை முதலாளிக்கும் முதலாளி சொல்வதை பையருக்கும் புரியவைத்து, இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற வேலை. இதே நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் சக மெர்ச்சண்டைசர்களான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என்னை அதிகம் படுத்திய ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: எக்ஸ்ப்ளோட். வெடிப்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

விற்பனை வெடித்தது

வேலைக்குச் சேர்ந்த புதிது. குழந்தைகள் டி-ஷர்ட் வாங்கும் பையர் ஒருவர், அந்த மாடலின் விற்பனை எக்ஸ்ப்ளோட் ஆகிவிட்டது என்று மெயில் போட்டிருந்தார். நான் நேராக முதலாளியிடம் போய், விற்பனை வெடித்துச் சிதறிவிட்டதாம் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. அடுத்த லாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த துணி நிட்டிங்கை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நான்கு நாள் கழித்து பையரே போனில் வந்தார். விற்பனை தாறுமாறாக ஏறிக்கிடக்கிறது, சரக்கு எங்கே என்று கேட்டார். எங்களால் தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. "வெடிச்சுப் போச்சுன்னா நாங்க நாசம்னுதானுங்க நெனப்போம். படிச்சவரு நீங்க, அவங்ககிட்ட ஒருக்கா திருப்பிக் கேட்டிருக்கலாமுங்க."

பிரித்துப் போட்ட ஜாக்கெட்

அடுத்து, எக்ஸ்ப்ளோடட் வியூ என்ற தலைப்போடு ஒரு ஜாக்கெட் படம் வந்தது. இந்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். எது எதோடு சேரும் என்று காட்ட, கை, காலர், தொப்பி, பாக்கெட் எல்லாவற்றையும் தனித்தனியாக விலக்கி வரைந்த படம் அது.

சாம்பிள் தைப்பவர் செல்வி, விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஊர்க் கோயில் பொங்கலுக்கு மூன்று நாள் லீவு கேட்டிருந்தார். பையர் வருகிறார், சாம்பிள் முடித்துவிட்டுப் போங்கள் என்றேன். முடிப்பதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. அந்த ஜாக்கெட் கடைசிவரை ஆர்டராகவும் ஆகவில்லை. தைத்து முடித்த அன்று செல்வி படத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க குடும்பமும் இப்பிடித்தான் சார், ஆளுக்கொரு பக்கம் கெடக்கு. வருசத்துல ஒருநாத்தான் ஒண்ணாச் சேருவோம், இந்த வருசம் அதுவும் இல்ல."

கைதட்டல்

ராமசாமி அண்ணன் எங்கள் கம்பெனியில் தரம் பார்ப்பவர். ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வருவார். ஒருமுறை துணியில் ஊசி ஓட்டை இருக்கிறது, துவைத்தால் பெரிதாகும் என்று ஒரு லாட்டையே நிறுத்திவிட்டார். முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, பாஸ் பண்ணினால் என்ன என்று கேட்டார். அண்ணன் மறுத்தார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதமே அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சால்வை போட்டு வழியனுப்பு விழா வைத்தார்கள். அவரைப் புகழ்ந்து பேசியவன் நான். எல்லோரும் பலமாகக் கைதட்டுங்கள் என்று சொன்னவனும் நான்தான்.

பிறகொரு நாள் மகளின் அகராதியில் எக்ஸ்ப்ளோட் என்ற சொல்லைத் தேடினேன். அது பிறந்த லத்தீனில் அதற்கு வெடிப்பது என்று பொருளே இல்லையாம். பிடிக்காத நடிகனைக் கைதட்டிச் சத்தம் போட்டு மேடையை விட்டு விரட்டுவதுதான் அதன் முதல் பொருள். வெடிச்சத்தமெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சில மாதம் கழித்து காதர்பேட்டையில், ஒரு பனியன் கடையில் சரக்குப் பிரித்துக்கொண்டிருந்தார் அண்ணன். டீ வாங்கிக் கொடுத்தார். அந்தச் சொல்லின் கதையைச் சொல்லி, உங்களை நாங்கள் கைதட்டித்தான் விரட்டினோம் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தட்டுனதுல எனக்கு வருத்தமில்லீங்க. அன்னைக்கு ரூமுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை பேசுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னேனுங்க."

அந்தச் சொல்லின் பொருளெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. பேச வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கத்தான் இன்னும் பழகவில்லை.