அதுவா போட்ட மத்தியானக் கணக்கு

தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும் நிரல் ஒன்றை எழுதி, யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிறேன். பழைய ஆண்டுகளுக்கு அது கணக்குப் போடாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கும் நிரல் வரிகளை, அதாவது கோடு ஒன்றை, திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் நண்பர் போன ஐப்பசியில் அனுப்பினார்.

கோடு சுத்தமாக இருந்தது. அதுதான் உறுத்தியது. வரிக்கு வரி விளக்கம், எல்லாவற்றிலும் ஒரே பணிவு. நண்பரோ 'வணக்கம்' என்பதைக்கூட முழுசாக டைப் செய்யாதவர்.

நாச்சியாபுரத்துக்காரர் ஒருவர் தன் அப்பச்சி, அதாவது அப்பா, பிறந்த ஆங்கிலத் தேதியை நினைவுக் கல்லில் வெட்டக் காத்திருந்தார். "கல்தச்சர் அடுத்த வாரம் வாராக. தேதியைக் குடுத்துருங்க" என்றார். ஜாதகத்தில் கார்த்திகை பத்து, வியாழக்கிழமை. புதிய கோட்டில் போட்டுப் பார்த்தேன். வெள்ளி என்றது.

பழைய பஞ்சாங்கத்தை வைத்துக் கையால் போட்டேன். வியாழன்தான். பிறகு கோட்டைத் துழாவினேன். சூரியன் ராசி மாறுவது மத்தியானத்தைத் தாண்டினால் மறுநாள்தான் மாதப் பிறப்பு என்று எழுதியிருந்தது. அது மலையாளத்து வழக்கம். நமக்குப் பொழுது சாய்வதற்குள் மாறினால் அன்றே முதல் தேதி.

நண்பரைப் போனில் பிடித்தேன்.

"இந்த மத்தியானக் கணக்கு எங்குட்டு இருந்து வந்துச்சு?"

"நான் போடலண்ணே. ஏஐ அதுவா போட்டுருச்சு."

"மேல உங்க பேருல்ல இருக்கு?"

"அனுப்புனது நாந்தானே."

"கல்லுல தப்பா வெட்டிட்டா அவுக யாரைத் திட்டுவாக? அதையா?"

"உங்களைத்தாண்ணே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னது உண்மை.

போனை வைத்துத் தண்ணீர் குடிப்பதற்குள் திருத்திய கோடு வந்துவிட்டது, 'பிழையைச் சுட்டியதற்கு மனமார்ந்த நன்றி' என்ற குறிப்போடு. மறுபடி அழைத்தேன்.

"நீங்க திருத்துனீகளா, அதுவா திருத்துச்சா?"

ஏதாவது ஒரு பழைய மாதப் பிறப்பைத் தாமே கணக்கிட்டுச் சொன்னால்தான் கோட்டை என் நிரலில் சேர்ப்பேன் என்றேன். கோபித்துக்கொண்டார்.

நாச்சியாபுரத்துக்குக் கையால் போட்ட தேதியையே கொடுத்தேன். கல்லில் அதுதான் இருக்கிறது.

மார்கழி பிறந்த பிறகு, கோவிலூர் போகிற வழியில் நண்பர் என் வீட்டுக்கு வந்தார். பழைய பஞ்சாங்கத்தை விரித்து ஒரு மாதப் பிறப்பைக் காட்டி, "சூரியன் மாறுறது மத்தியானத்துக்கு மேல. பொழுது சாய இன்னும் நேரம் கெடக்கு. அதனால அன்னைக்கே ஒண்ணாந்தேதி. போதுமா? நீங்க வாத்தியாரு வேலைக்குப் போயிருக்கணும்ணே" என்றார்.

கோட்டைச் சேர்த்துக்கொண்டேன். இப்போதும் யார் தேதி கேட்டாலும், ஜாதகத்தில் கிழமை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.