ஒஸ்வால்டின் டைனமோ

கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட், தும்முவதற்கு முன்னும் இரண்டு பக்கமும் பார்க்கிற மனிதன். பொரளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அற்றென்டன் வேலை. காலை ஐந்தரைக்குக் கையெழுத்து வைக்கவேண்டும். மாதத்தில் மூன்று நாள் பிந்தினால் வேலை போய்விடும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது, சைக்கிள்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு மழை பொய்த்து, கரண்டும் நிற்கத் தொடங்கியபோது, நாலரை மணித் தெருவில் தன் கை தனக்கே தெரியவில்லை. லைற் இல்லாமல் வருகிற சைக்கிளை ஆமிக்காரர் முதலில் சுட்டுவிட்டுத்தான் பெயர் கேட்பார்கள் என்று ஊரில் கதை.

ஒரு லைற் வாங்க அவர் மூன்று சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போனார். அலவியின் சைக்கிள் கடையில், கொள்ளுப்பிட்டிப் பணக்காரப் பிள்ளைகளுக்கென்று ஒரு மவுண்டன் பைக் தொங்கியது. அதன் பற்றறி லைற்றைக் கையில் எடுப்பார், எரிப்பார், அணைப்பார், பெருமூச்சு விடுவார். சைக்கிள் நின்றாலும் எரிகிற வெளிச்சம். ஆனால் உள்ளே நாலு பற்றறி. அந்த நாளில் தமிழனின் கையில் பற்றறி இருந்தால் அது பற்றறி இல்லை, பாதிக் குண்டு.

"பற்றறி வாணாம் ஒஸ்வால்ட்," என்றார் அலவி. "செக் பொயின்ட்ல புடிச்சா நான் வந்து சாட்சி சொல்ல ஏலாது. டைனமோ எடுங்க. சில்லு சுத்தினா எரியும், நிண்டா அணையும். அதுல யாருக்கு என்ன சந்தேகம் வரப்போவுது?"

வீட்டில் மனைவி ஐறீன் சிரித்தாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு லைற்றுக்கு இவ்வளவு யோசனையோ?"

"நீர் சும்மா இரும். என்னை உள்ளுக்குப் போட்டால் நீரோ வந்து எடுக்கிறது?"

டைனமோவைப் பின்சில்லில் பூட்டித் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். மூன்று கிழமை மண்டையை உடைத்தவருக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. மருதானைக்குப் போகிற வழியில் இருந்த சென்றியில், அந்த ஆமிக் காவலரணில், எல்லாரும் இறங்கி நிற்கவேண்டும். முதல் நாளே அவர் இறங்கினார், வெளிச்சம் செத்தது, இருட்டுக்குள் மூன்று துவக்குகள் நிமிர்ந்த சத்தம் கேட்டது.

ஒஸ்வால்ட் அவசர அவசரமாய்ச் சைக்கிளைத் தூக்கி ஸ்ராண்டில் விட்டு, குந்தியிருந்து, கையால் பெடலைச் சுற்றினார். லைற் எரிந்தது. ஆமிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு மேலாளாய் நின்ற சார்ஜனுக்கு அது நன்றாய்ப் பிடித்துப்போனது. அவர்களுடைய ரோச் லைற் அணைந்து எத்தனையோ நாள். "கரகவன்ன மாமா," என்றான். சுற்று மாமா. அந்த வெளிச்சத்தில் வரிசையில் நின்றவர்களின் அடையாள அட்டைகளைப் பார்த்தான்.

அன்றிலிருந்து ஒஸ்வால்டுக்கு ஒவ்வொரு விடியற்புறமும் அதுதான் உத்தியோகம். பதினைந்து நிமிடம் குந்தியிருந்து சுற்றுவார். பிந்தாமலிருக்க வீட்டிலிருந்து நேரத்தோடு வெளிக்கிட்டார். வெட்கப்பட்டாரா என்றால், இல்லை. "சென்றியிலை என்னை எல்லாருக்கும் தெரியும், என்ரை அட்டையைக் கேக்கிறதே இல்லை," என்று ஐறீனிடம் பெருமையடித்தார்.

ஆவணியில் ஒரு விடியற்புறம் சார்ஜன் ஒருவனை இழுத்துவந்து சைக்கிளுக்கு முன்னால் முழங்காலில் இருத்தினான். ஒஸ்வால்ட் சுற்றினார். வெளிச்சம் விழுந்த முகம் எதிர்வீட்டுக் கிளறன்ஸ். மருதானை அச்சகமொன்றில் இரவு வேலை முடித்து வருகிறவன். அடையாள அட்டையை மாற்றுச் சட்டையோடு வீட்டில் விட்டுவிட்டான். கொட்டாஞ்சேனை ஆள்தான், யாரையும் கேட்டுப்பாருங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

சார்ஜன் ஒஸ்வால்டைப் பார்த்தான். "மாமா, மேயாவ அந்துனனவத?"

இவனைத் தெரியுமா. கேட்டது அவ்வளவுதான். ஓம் என்றால் போதும், அந்த இடத்தில் ஒஸ்வால்டின் சொல்லுக்கு அந்தளவு மதிப்பு இருந்தது. ஆனால் ஓம் என்றால் எப்படித் தெரியும், எத்தனை வருடமாய்த் தெரியும், அவன் வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று கேள்வி வளரும். பெயரைப் பதிவார்கள். இந்த மாதம் ஏற்கனவே இரண்டு நாள் பிந்தியாயிற்று. நுணலும் தன் வாயால் கெடும்.

"நே சேர்," என்றார் ஒஸ்வால்ட். தெரியாது.

வெளிச்சம் கண்ணில் அடித்ததால் லைற்றுக்குப் பின்னால் குந்தியிருந்தவரின் முகம் கிளறன்ஸுக்குத் தெரியவில்லை. குரல் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் மதிலுக்கு மேலால் கேட்ட குரல். தலையை நிமிர்த்தி, குரல் வந்த பக்கமாய்ப் பார்த்தான். ஒஸ்வால்ட் அண்ணை என்று ஒருதரம் கூப்பிட்டிருந்தால் இவரும் அவனோடு முழங்காலில் இருந்திருப்பார். அவன் கூப்பிடவில்லை.

முதல் அடி விழுந்ததும் ஒஸ்வால்டின் கை தளர்ந்தது, வெளிச்சம் மங்கியது. "கரகவன்ன," என்று சார்ஜன் அதட்டினான். ஒஸ்வால்ட் சுற்றினார். கெதியாய்ச் சுற்றினால் கெதியாய் முடியும் என்று நினைத்து, முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் சுற்றினார். கிளறன்ஸின் முகத்தில் ஒவ்வொரு அடியும் விழுந்த இடம் பட்டப்பகலில் போலத் தெரிந்தது. பிறகு ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. ஐந்து இருபத்தைந்துக்கு ஒஸ்வால்ட் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் கிளறன்ஸின் மனைவி மாக்ரெட் வாசலில் வந்து நின்றாள். அதற்குள் அவள் ஏறாத பொலிஸ் ஸ்ரேஷன் இல்லை.

"அண்ணை, எங்கை பிடிச்சவங்கள் எண்டு தெரிஞ்சால்தானாம் தேடலாம். நீங்களும் அந்த றோட்டாலைதானே வேலைக்குப் போறனீங்கள். இவரை எங்கையும் கண்டனீங்களோ?"

ஐறீன் கணவனைப் பார்த்தாள்.

"அந்த இருட்டுக்கை என்னத்தைத் தங்கச்சி காணுறது," என்றார் ஒஸ்வால்ட்.

"ஓம் அண்ணை, சரியான இருட்டுத்தானே," என்று சொல்லிவிட்டு மாக்ரெட் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.