பாதி திறந்த ஜன்னல்

சதுக்கத்தின் நாலு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். வரிசையாகத் தூண்கள், அவற்றின் தலையில் முக்கோண முகப்பு, பின்னால் அடுக்கடுக்காக மூடிய ஜன்னல்கள். இருநூறு வருஷத்துக்கு முன் அதைக் கட்டியவருக்கு இடம் வலம் இம்மி பிசகக் கூடாது. கிழக்கு வரிசையில் ஓரிடத்தில் மாடிப்படி குறுக்கிட்டது. ஜன்னல் வைக்க வழியில்லை. மனுஷன் விடவில்லை. சுவரை ஜன்னல் அளவுக்குக் குழித்து, மூடிய கதவுகளைப் பெயிண்டில் வரைய வைத்தார். பிற்பாடு மாடிப்படியை இடித்து அங்கே ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஜன்னல் மட்டும் பொய்யாகவே நின்றது.

அந்த அறையில்தான் பெயிண்டரும் மனைவியும் குடியிருந்தார்கள். சதுக்கத்து முகப்புகளுக்கு வண்ணம் பூசுவது அவர் பிழைப்பு.

"ஊருக்கெல்லாம் நம்ம வீட்ல ஜன்னல் இருக்கு, நமக்குத்தான் இல்ல" என்பாள் அவள். படுத்த படுக்கையான பிறகும் அந்தக் கிண்டல் போகவில்லை, சிரிப்புதான் போய்விட்டது.

இந்த முறை சாரம் ஏறியவர், பொய் ஜன்னலின் ஒரு கதவைப் பாதி திறந்தாற்போல் வரைந்துவிட்டார். உள்ளே கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம். முடித்ததும் பிரஷ் காம்பால் சுவரைத் தட்டினார். உள்ளேயிருந்து அவள் டம்ளரால் தட்டினாள்.

"ஏங்க, நெஜமாவே திறந்திருக்கா?" வீட்டுக்குள் வந்தவரிடம் கேட்டாள்.

"பாதிதான். முழுசா திறந்தா உன் மேல சாரல் அடிக்குமே."

"அட, போங்க! யாராவது பாத்தாங்களா?"

"எதிர்ல பூட்டுக்காரர் பாத்தாரு. உள்ள யாரோ இருக்காங்க போலன்னாரு."

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நானும் பாக்கணும்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை உன் தம்பி வரட்டும். நாற்காலியோட தூக்கிட்டுப் போறோம்."

அதற்குள் அது பெயிண்ட் வேலை மேற்பார்வையாளர் கண்ணில் பட்டுவிட்டது. "என்னண்ணே இது? எல்லாம் மூடியிருக்கு, இது மட்டும் திறந்து கிடக்கு!"

"திங்கக்கிழமை மூடிடறேன் தம்பி. அவ ஒரு தடவை பாத்துடட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். நாற்காலி தேவைப்படவில்லை. சதுக்கத்துக்கு வந்ததும், "ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா" என்றார் பெயிண்டர். தூக்கியவர்கள் நின்றார்கள். அவர் மேலே பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்களன்று சாரம் ஏறிக் கதவை மூடினார். பிரஷ் காம்பு பழக்கத்தில் சுவர் வரை போய், தட்டாமலே திரும்பியது.

சாரம் பிரித்த அன்று, "இப்பதான் கண்ணுக்கு லட்சணமா இருக்கு" என்றார் மேற்பார்வையாளர். பெயிண்டர் அண்ணாந்து பார்த்தார். எல்லாம் ஒன்று போலவே மூடிக் கிடந்தன. அவற்றில் தன் வீடு எது என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.