மூன்றாம் வளைவில் ஒரு மஞ்சள் கோடு

கார் பந்தயத்தில் ஓட்டுபவருக்கு முதுகில் கண் கிடையாது. திடலின் கூரையில் நின்று வயர்லெஸ்ஸில் அவர் காதுக்குள் பேசுகிற ஸ்பாட்டர்தான் அந்தக் கண். டால்வே நெடுஞ்சாலையில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் இனம்.

வேலை கிடைத்த விதம்

சென்னை நாளிதழ் ஒன்றில் வெகுகாலம் செய்திகளைச் சுருக்கிவிட்டு, அமெரிக்காவில், பிளானோவில் மகள் வீட்டில் ஓய்வாக இருந்தேன். ஒரு கொலுவுக்குப் போன இடத்திலிருந்து நித்யா என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். நாமக்கல் பெண், சாஃப்ட்வேர் மேனேஜர். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு சின்ன வட்டத் திடலில் ஸ்டாக் கார் என்கிற பந்தய வண்டி ஓட்டுகிறார் என்பதோ, அங்கே அவர்தான் சாம்பியன் என்பதோ எனக்குத் தெரியாது.

"வலது பக்கம் டிரக். போயிடுச்சு. இப்ப மாறலாம்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தியவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், இதையே என் ஹஸ்பண்ட் கத்திக் கத்திச் சொல்வார். சனிக்கிழமை நீங்க ஃப்ரீயா?"

சுவர்

அடுத்த வசந்தத்தில் மூன்றாம் வளைவின் வெளிச்சுவரில் நித்யாவின் வண்டி மோதியது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வண்டியின் மஞ்சள் பெயின்ட் மட்டும் சுவரில் நீளக் கோடாகப் படிந்தது. அதை யாரும் அழிக்கவில்லை.

அதன்பின் அந்த வளைவு வந்தாலே நித்யாவின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழும்பிவிடும். கூரையில் எனக்குக் கேட்கும்: இன்ஜின் சத்தம் ஒரு மூச்சு இறங்கி, மறுபடி ஏறும். சீசன் முடிவதற்குள் இது போகாவிட்டால் பட்டம் மட்டுமல்ல, ஓட்டுவதையே விட்டுவிடப்போவதாகச் சொன்னார். நானும் அக்கறையாக, சுவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று சுற்றுக்குச் சுற்று அறிவித்துவந்தேன். ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்னார்:

"செவுரு எங்க இருக்குன்னு எனக்கே தெரியும் அங்கிள். இடம் எங்க இருக்குன்னு சொல்லுங்க."

எலுமிச்சம்பழம்

கடைசிப் பந்தயத்தன்று நித்யாவின் கணவர் பிரபு, யாரையும் கேட்காமல் நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவிட்டார். அடுத்து சோதனை. சாலையை நன்றாகப் பிடிப்பதற்காகச் சிலர் டயரை ரசாயனத்தில் ஊறவைப்பார்கள். அது அங்கே பெருங்குற்றம். அதிகாரி குனிந்து டயரை முகர்ந்தார். முகம் மாறியது. பந்தயம் தொடங்காமலே பட்டம் போகும் நிலை.

பிரபு வேர்க்க விறுவிறுக்க விளக்கம் சொல்லி, சட்டைப்பையில் மிச்சமிருந்த பழத்தை நீட்டினார். அதிகாரி அதைத் தன் பிக்கப் டிரக்கின் சக்கரத்தடியில் வைத்து ஏற்றி, இரண்டு வண்டியின் டயரையும் மாறி மாறி முகர்ந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்:

"நீங்க போகலாம். என் டிரக்குக்கு இன்னும் மூணு சக்கரம் இருக்கு, பழம் இருக்கா?"

அப்பா

நித்யாவின் அப்பா விசிட்டுக்கு வந்திருந்தார். நாமக்கல்லில் லாரி முதலாளி. அவர் வண்டி புறப்பட்டால் நாக்பூருக்கு இப்பால் நிற்காது. பயிற்சிச் சுற்றுகளைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த கோட்டையும் பார்த்தார், மகளின் வண்டி நிறத்தையும் பார்த்தார். கூரைக்கு ஏறப்போன என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஏனுங்க, எங்கயும் போறதில்ல, வாறதில்ல. பொறகு எதுக்குங்க இத்தன அவசரம்?"

கடைசிச் சுற்று

சூரியன் பருத்தி வயல்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திடலின் தூசியெல்லாம் பொன்னாகி அந்தரத்தில் நின்றது. கார்கள் ஓடுவதுபோல் இல்லை. யாரோ ஒரு வளையலை மெல்லச் சுழற்றுவதுபோல் இருந்தது. நித்யா இரண்டாவது. முன்னால் போனவன் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டான். அவனைத் தாண்டினால்தான் பட்டம். தாண்ட ஒரே வழி வெளிப்பக்கம், அந்த மஞ்சள் கோட்டை உரசினாற்போல்.

"வெளிய இடம் இருக்கும்மா" என்றேன்.

மூன்றாம் வளைவு வந்தது. சத்தம் இறங்கப்போகிறது என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. ஒரே சுருதியில், நீளமாக, மஞ்சள் கோட்டின் மேல் இன்னொரு மஞ்சள் வழுக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனது. கொடி அசைந்தது. கீழே நாமக்கல்காரர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்திருந்தார். வெகுநேரம் கழித்து, தூக்கத்திலிருந்து பேசுவதுபோல் என் காதில் நித்யாவின் குரல் வந்தது:

"அங்கிள், செவுரு எங்க போச்சு?"

சுவர் எங்கும் போகவில்லை, பக்கத்து சீட்காரர்களே. அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்கு அந்தக் கூரையில் இடம் கொடுத்திருந்தார்கள்.